தொந்தரவு இல்லை

என் அக்கா பொது ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண்கள் வார்டு, நாற்பது கட்டில். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. யாராவது அதைத் துருவினால், "நாப்பது இருக்கே, உங்களுக்கு ஒண்ணு வேணுமா?" என்று கேட்பாள். துருவியவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அவள் கைக்கு அந்தக் கட்டடத்தில் பெயர் உண்டு. நரம்பே கிடைக்கவில்லை என்று மற்ற வார்டுகளில் கைவிரித்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கையின் உள்பக்கத்தை இரண்டு விரலால் தட்டுவாள். "வாடா கண்ணா, ஒளிஞ்சு விளையாடினது போதும்" என்று நரம்போடு பேசுவாள். பயந்துபோயிருந்த நோயாளிக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்குள் ஊசி இறங்கியிருக்கும்.

எனக்கு அவள் வைத்த பெயர் பட்டம். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். புள்ளியியல் படித்தேன். அக்கா படித்தது டிப்ளமோ. "பட்டம் வாங்கினவ, மேலதான் பறப்பா. ஆனா நூல் எங்கிட்ட இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ" என்பாள். பாத்திரம் கழுவாமல் நான் நழுவும் நாட்களில் அந்த நூலைச் சுண்டி இழுப்பாள். அம்மா, அக்கா, பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவரான மாமா, நான் என்று நாலு பேர் ஒரே வீட்டில். அக்கா டூட்டி முடிந்து செருப்பைக் கழற்றினால் சத்தம் தொடங்கிவிடும். மாமா கிரீஸ் கையோடு துண்டைத் தொட்டதற்குச் சண்டை. அம்மாவின் டி.வி. சத்தத்துக்குச் சண்டை. என் தலைமுடி குளியலறைத் துவாரத்தை அடைத்ததற்குப் பெரிய சண்டை.

கல்லூரி மதியத்தோடு முடியும் நாட்களில் அவளுக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். அப்படித்தான் அந்த வார்டு எனக்குப் பழக்கம். ஒரு டூட்டி முடிந்து இன்னொரு டூட்டி ஆரம்பிக்கும் மதிய நேரத்தில் நர்ஸுகள் கட்டில் கட்டிலாக நடந்து ரிப்போர்ட் கொடுப்பார்கள். மூணாம் நம்பருக்கு மூச்சு வாங்குது. எட்டாம் நம்பர் மாத்திரையைத் துப்பிடுறா, நின்னு பார்த்துட்டு வா. பதினாறு சண்டைக்காரி, அவ புருஷன் அவளுக்கு மேல. முப்பத்தொண்ணு தங்கம்.

தங்கம் என்றால் கூப்பிடாதவள், எதையும் கேட்காதவள், கொடுத்ததைச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்பவள். பேச்சில் தங்கம் என்று சொல்வதை நோட்டில் எழுதும்போது 'தொந்தரவு இல்லை' என்று எழுதுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நர்ஸுகளின் மேஜை முன்வாசல் பக்கம். கவனிக்க வேண்டியவர்களை அதற்குப் பக்கத்தில் போடுவார்கள். தேறத் தேறக் கட்டிலை உள்ளே தள்ளுவார்கள். கடைசி, நாற்பதாம் நம்பர், பின்வாசலை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் சுவர், தலைமாட்டில் ஜன்னல், நல்ல காற்று. தங்கங்களுக்கு அந்த இடத்தைப் பரிசு மாதிரிக் கொடுப்பார்கள். அக்காவோடு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் உண்டு. வாயே மூடாததால் அவளுக்கு வானொலி என்று பெயர். "அழுத பிள்ளைக்குப் பால், அழாத பிள்ளைக்குக் காத்து" என்பாள் அவள். நான் சிரித்திருக்கிறேன். நாற்பது பேருக்கு மூன்று நர்ஸ். அழுகிற பிள்ளைகளுக்கே பால் போதாத இடம் அது.

வேண்டாத எதையோ குடித்துவிட்டு வருபவர்களும் அந்த வார்டுக்குத்தான் வருவார்கள். அவர்களைக் கண்டால் அக்காவின் வாய் கசந்துவிடும். "சாகணும்னு போனவளுக்கு டிரிப்ஸ் எதுக்கு? வாழணும்னு துடிக்கிறவ பக்கத்துக் கட்டில்ல இருக்கா." அவர்கள் காதுபடவே சொல்வாள். சொல்லிக்கொண்டே அவர்கள் வாயைத் துடைத்துவிடுவாள், தலையணையைத் திருப்பிப் போடுவாள். கை ஒன்று செய்யும், வாய் ஒன்று சொல்லும். நான் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்திருந்தவர்களுக்கு எது போய்ச் சேர்ந்தது என்று அப்போது யோசித்ததில்லை.

ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "உடம்புக்கு வந்தா நம்பர் இருக்கு பட்டம். பி.பி. இவ்வளவு, சுகர் இவ்வளவு. மனசுக்கு வந்தா எங்க நம்பர்? நம்பர் இல்லாதது நோயே இல்ல. நீதான் கணக்குப் படிக்கிற, சொல்லு." நான் தலையாட்டினேன். எண்ண முடியாததை வைத்து என்ன செய்வது என்று எங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த வருஷம் ஒரு தையல்காரம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வயிற்று வலி, சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார் என்று அவருடைய தம்பி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். எடுக்காத டெஸ்ட் இல்லை. எல்லாம் நார்மல்.

"பெட்டை அடைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள் வானொலி. "மனசு சரியில்லையாம். எனக்குக்கூடத்தான் மாமியாரைப் பார்த்தா மனசு சரியில்ல. நானும் ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கட்டுமா?"

"உனக்குப் போட்டா உங்க மாமியாருக்கும் ஒண்ணு போடணும். வார்டு தாங்காது" என்றாள் அக்கா.

ஆனால் அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. தையல்காரம்மா யாரையும் கூப்பிட மாட்டார். எது சொன்னாலும் "சரிங்க சிஸ்டர்." பையில் ஒரு தகர டப்பா வைத்திருந்தார், ஊசியும் நூலும். வார்டின் திரைச்சீலை ஒன்று கிழிந்து பல மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்காமலே அதை மடித்துத் தைத்துவிட்டார். தையல் இருக்கிற இடமே தெரியவில்லை. "இப்படி நாப்பது பேர் இருந்தா நான் லீவே கேக்க மாட்டேன்" என்று அக்கா எல்லோரிடமும் அந்தத் திரையைத் தூக்கிக் காட்டினாள். அன்றே அவரை நாற்பதாம் நம்பருக்குத் தள்ளிக்கொண்டுபோனாள், ஜன்னல் பக்கம் இருக்கட்டும் என்று.

"வீட்டுக்குப் போய் மெஷினை மிதிங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும். சும்மா உக்காந்தா மனசு கண்டதையும் மெல்லும்."

"சரிங்க சிஸ்டர்."

அக்கா அந்தப் பக்கம் போனதும் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "மிதிக்கக் கால் வரலைம்மா."

நான் அதை அக்காவிடம் சொன்னேன். பொறுப்பாகத்தான் சொன்னேன். அக்காவும் பொறுப்பாகத்தான் நோட்டில் எழுதினாள்: 'கால் வலி.' டாக்டர் வந்து முழங்காலை மடக்கிப் பார்த்தார், பாதத்தைக் குத்திப் பார்த்தார். இன்னும் ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். கால் நார்மல்.

தையல்காரம்மா எல்லாவற்றுக்கும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்தபடியே இருந்தார், துணியின் நயம் பார்ப்பதுபோல.

நாலாம் நாள் நான் சாப்பாட்டோடு போனபோது அவர் தலைவாரியிருந்தார். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்திருந்தார். அக்காவைக் கூப்பிட்டு, அவர் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை, தகர டப்பாவைக் கையில் கொடுத்தார். "வெச்சுக்குங்க சிஸ்டர். பட்டன் அறுந்தா உதவும்."

"உங்களுக்கு வேணாமா?"

"எங்கிட்ட இருக்கு."

அக்கா மேஜைக்கு வந்து டப்பாவைத் திறந்து எனக்குக் காட்டினாள். ஊசிகள் அளவு வாரியாக ஒரு துணித்துண்டில் குத்தியிருந்தன. "பாத்தியா? தங்கம்னா தங்கம்" என்றாள். ஒன்றரை மணி ரிப்போர்ட்டில் எழுதினாள்: 'நாற்பது: நன்றாகச் சாப்பிட்டார். முகம் தெளிவு. தொந்தரவு இல்லை.'

இரண்டரை மணிக்கு மாத்திரை கொடுக்கப் போன நர்ஸ் பார்த்தது காலிக் கட்டிலை. விரிப்பு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. மறுநாள் காலை சேதி வந்தது. அவர் உயிரோடு இல்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அக்காவை ஒரு அறையில் உட்காரவைத்து ரிப்போர்ட் நோட்டைப் பிரித்தார்கள். வேலை போய்விடும் என்று வானொலி வெளியே அழுதுகொண்டிருந்தாளாம். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "முறையா எழுதியிருக்கீங்க சிஸ்டர். ஒண்ணரை மணி வரைக்கும் தொந்தரவு இல்லைன்னு பதிவு இருக்கு. உங்க மேல தப்பு வராது."

மாமா ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். அக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். நான் துண்டை நீட்டியபோது சொன்னாள்: "அந்த ஒரு வரிதான்டி என்னைக் காப்பாத்திச்சு."

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. ஒரே நாளில் இல்லை. முதலில் டி.வி. சண்டை நின்றது, பிறகு குளியலறைச் சண்டை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். சிரித்தால் சிரிப்பாள், அரை நொடி தாமதமாக. ஒரு நாளும் லீவு போடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வேலையை முடித்திருப்பாள்.

"வயசு ஏற ஏறப் பொறுமை வந்திருக்கு" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. நான் அதற்குள் கல்லூரி முடித்து வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அமைதியான வீடு எனக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது. யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

கேட்டவர் மாமா மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க அக்கா என்னோட சண்டை போட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா பட்டம்? நேத்து வேணும்னே கிரீஸ் கையோட அவ துண்டைத் தொட்டேன். புதுத் துண்டு. அவ கண் முன்னால."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எடுத்துட்டுப் போய் அலசிக் காயப்போட்டா." அவர் தலை நிமிரவே இல்லை. "திட்டியிருக்கலாம்."

"டயர்டா இருப்பா மாமா" என்றேன். உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.

அந்த மாதம்தான் என் பழைய பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். பொது ஆஸ்பத்திரி நர்ஸுகள் மனச்சோர்வைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரோ ஆராய்ச்சி செய்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வித்தாள். பெயர் இருக்காது. பதில்களை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர், பதில் எழுதாவிட்டால் ஒன்பது.

நான் வேகமாக ஏற்றினேன். 'மனத்திடம் இருந்தால் மனச்சோர்வு வராது.' ஒன்று, ஒன்று, ஒன்று. 'இந்த நோயாளிகள் கவனத்தை ஈர்க்க நடிக்கிறார்கள்.' ஒன்று, சைபர், ஒன்று. 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நோயாளியிடம் கேட்டால், அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும்.' இதற்குப் பெரும்பாலும் ஒன்று. இதன் சரியான விடை சைபர் என்று விடைக்குறிப்பில் இருந்தது. கேட்பதால் யாரும் சாவதில்லை, கேட்டால் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்று ஒரு வரி விளக்கமும் இருந்தது. எனக்கும் அதற்கு முன் தெரியாது. அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

நூற்று நாற்பதுக்கு மேல் ஒரு தாள். டிக் அடித்திருந்த விதம் தெரிந்த மாதிரி இருந்தது. மாத்திரை கொடுத்த பிறகு சார்ட்டில் போடும் டிக், கடைசியில் ஒரு சின்ன வால். அக்கா என் பள்ளி நோட்டுகளில் போட்டுக் கொடுத்த டிக் அது. ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் ஒன்று. மனச்சோர்வு பலவீனம், ஆம். வேலை செய்தால் சரியாகும், ஆம். கடைசிக் கேள்வி: 'கடந்த சில மாதங்களில் உங்களுக்கே இப்படி ஏற்பட்டதுண்டா?' ஆம், இல்லை என்ற இரண்டு கட்டத்திலும் டிக் இல்லை. பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'தொந்தரவு இல்லை.'

நான் அதைப் பார்த்தேன். பிறகு, இல்லை என்று எழுதியிருக்கிறாள், ஆகவே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். சைபர் என்று தட்டினேன்.

ஒன்பது என்றாவது போட்டிருக்கலாம். பதில் இல்லை என்றாவது நின்றிருக்கும். இருபது நாள் கழித்து அக்கா வார்டில், கையில் டிரிப்ஸ் பாட்டிலோடு, பன்னிரண்டாம் நம்பருக்கு முன்னால் மயங்கி விழுந்தாள்.

போன் வந்ததும் ஓடினேன். நாங்கள் போவதற்குள் அவளுக்கு வேண்டிய சிகிச்சையெல்லாம் நடந்து முடிந்திருந்தது. அவளுடைய வார்டு, அவளுடைய ஆட்கள். பி.பி. மிகவும் குறைவு, உடம்பில் தண்ணீரே இல்லை. பல வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாளே என்று அம்மா அழுதாள். தட்டோடு உட்கார்ந்தாள் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தட்டு எப்படிக் காலியானது என்று யாருக்கும் தெரியவில்லை.

வானொலிதான் நரம்பு தேடியிருக்கிறாள். இரண்டு இடத்தில் குத்தி, கிடைக்காமல், கடைசியில் அக்கா மாதிரியே தட்டி, "வாடா கண்ணா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அக்கா சிரிக்கவில்லையாம். "அது என் டயலாக்னு சண்டைக்கு வருவான்னு நெனச்சேன்டி" என்று மூக்கைச் சிந்தினாள்.

மூன்று நாள். எல்லா டெஸ்டும் நார்மல். அம்மாவும் மாமாவும் மாறி மாறி இருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் என் முறை. போனபோது மேஜைக்குப் பக்கத்தில் இருந்த அவள் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"அங்க" என்று வானொலி கையைக் காட்டினாள். "காத்தோட்டமா இருக்கட்டும்னு பெரிய சிஸ்டர்தான் மாத்தச் சொன்னாங்க. பி.பி. ஏறிடுச்சு. இன்னிக்குக் கஞ்சி முழுசும் குடிச்சா. தலைகூட வாரிக்கிட்டா."

வார்டு நீளம். அதை நான் நடந்தேனா ஓடினேனா என்று தெரியவில்லை. நாற்பதாம் நம்பரில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வை, மாற்றுத்துணி எல்லாம் மடித்துக் கால்மாட்டில் இருந்தன. நான் உட்கார்ந்ததும் திரும்பினாள். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதே கட்டிலில்.

"வந்துட்டியா?" என்றாள். தலையணைக்குக் கீழே கைவிட்டு எடுத்தாள். தகர டப்பா. "இதை நீ வெச்சுக்கோ."

"உனக்கு வேணாமா?"

"எங்கிட்ட இருக்கு."

நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் கையிலேயே இருந்தது. கை நடுங்கவில்லை. எந்த நரம்பையும் தவறவிடாத கை அது.

எழுந்து மேஜைக்குப் போனேன். பெரிய சிஸ்டர் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். வார்டின் தலைமை நர்ஸ், முப்பது வருஷ சர்வீஸ், அக்காவுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர்.

"சிஸ்டர், அக்காவை இங்க கொண்டு வாங்க. உங்க பக்கத்துல."

"ஏம்மா? அவ நம்ம புள்ள. ஒரு தொந்தரவும் இல்ல. தங்கமாட்டம் படுத்திருக்கா."

"தையல்காரம்மாவும் தங்கம்தான் சிஸ்டர்."

பேனா நின்றது. வானொலி மருந்து வண்டியை நிறுத்தினாள்.

"அக்கா அந்த டப்பாவை எனக்குக் கொடுக்கறா" என்றேன். "ஊசி டப்பா. அதே டப்பா. அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு கேளுங்க."

"வாயைக் கழுவு!" பெரிய சிஸ்டர் எழுந்துவிட்டார். "அதெல்லாம் கேக்கக் கூடாது. கேட்டா இல்லாத நெனப்பும் வந்துடும். படிச்ச பொண்ணு பேசற பேச்சா?"

அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பு எனக்குத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அதற்கு வந்த பதில்களைத் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் எனக்கே நம்பிக்கை இல்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியாக இருந்தால்? காகிதத்தில் எழுதியதை நம்பி என் அக்காவை நானே தள்ளிவிடப் போகிறேனா? ஆனாலும் திரும்பி நடந்தேன். பெரிய சிஸ்டர் பின்னாலேயே வந்தார், வானொலியும்.

கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"அக்கா. செத்துப்போகணும்னு தோணுதா உனக்கு?"

பெரிய சிஸ்டர் என் தோளைப் பிடித்தார். முப்பத்தொன்பதாம் நம்பர்க்காரம்மா எழுந்து உட்கார்ந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ரொம்ப நாளாக யாரோ கதவைத் தட்டக் காத்திருந்துவிட்டு, இனி வர மாட்டார்கள் என்று விளக்கை அணைத்தவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

தோளில் இருந்த கை தளர்ந்தது.

"எப்பலேர்ந்து?"

"அவங்க போனதுலேர்ந்து." பிறகு, வார்த்தை வார்த்தையாக: "கால் வலின்னு எழுதினேன்டி. கால் வலின்னு."

அக்கா அழவில்லை. அழுதது வானொலிதான், சத்தமே இல்லாமல். அவள் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தள்ளினேன். சக்கரம் பூட்டியிருந்தது, நகரவில்லை. மறுபடியும் தள்ளினேன். என்னால் முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பெரிய சிஸ்டர் குனிந்து சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிவிட்டார். அவருக்கு முட்டி வலி உண்டு, குனியவே மாட்டார். தலைமாட்டை வானொலி பிடித்துக்கொண்டாள். நாற்பது கட்டிலையும் தாண்டிக் கொண்டுபோனோம். ஒரு சக்கரம் கீச் கீச்சென்று கத்தியது. எல்லோரும் பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தான் பரிசாக யார் யாரையோ தள்ளிக்கொண்டுபோன வழியில் அவளை நாங்கள் எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பெரிய சிஸ்டர் போனை எடுத்தார். மனநல டாக்டர் வேறு கட்டடத்தில் இருக்கிறார், இந்தப் பக்கம் வருவது வியாழக்கிழமை மட்டும். அன்று செவ்வாய். "எங்க ஸ்டாஃப் சார்" என்று ஆரம்பித்தார். பிறகு குரல் மாறிற்று. "ஸ்டாஃப் இல்லாட்டியும் வரணும் சார். நாங்க ஒருத்தரை விட்டுட்டோம்." நாளைக் காலை முதல் வேலையாக வருவதாகச் சொன்னாராம். அதுவரை ஒரு நிமிஷம்கூட அவளைத் தனியாக விடக் கூடாது.

போனை வைத்துவிட்டு ரிப்போர்ட் நோட்டுக்குத் திரும்பினார். நாற்பது என்று எழுதியிருந்ததற்கு நேரே, அவர் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். அதே இரண்டு வார்த்தை. பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "என்னன்னுடி எழுதறது?" என்று வானொலியைக் கேட்டார்.

"அவ சொன்னதையே எழுதுங்க சிஸ்டர்" என்றேன். எழுதினார்.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். இன்னும் வரவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாளைக் காலை டாக்டர் வந்தால் என்ன செய்வார், மருந்து என்றால் எத்தனை நாளில் வேலை செய்யும், செய்யுமா, எதுவும் தெரியவில்லை. எண்ண முடிந்தது ஒன்றுதான். அவள் மார்பு ஏறி இறங்குவது. அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மணிக்கட்டை என் கை பிடித்திருந்தது.

அக்கா இந்தப் பக்கம் திரும்பினாள், அங்கே நான். அந்தப் பக்கம் திரும்பினாள், அங்கே மேஜையும் வானொலியும். பார்த்துப் படுக்க இங்கே சுவர் இல்லை. மல்லாந்து படுத்தாள்.

"கையை விடுடி" என்றாள்.

"விட மாட்டேன்."

"வலிக்குது."

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை.

"தொந்தரவு பண்றடி நீ" என்றாள், விட்டத்தைப் பார்த்தபடி.

"ஆமாம்" என்றேன்.